எமுலேட்டருக்கு ரீஜன் பயாஸ் அமைப்பது எப்படி: பிளேஸ்டேஷன் முதல் மெகா சிடி வரை

பழைய கன்சோல் விளையாட்டுகளைக் கணினியிலோ போனிலோ ஓட்டும் எமுலேட்டரில் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்து ஓட்டுகிறீர்கள். திரை ஒரு நொடி கறுத்து, திரும்ப மெனுவிலேயே வந்து நிற்கிறது. கீழ் மூலையில் ஒரு வரி மின்னி மறைகிறது: ‘எஸ்சிபிஎச்5502.பின் இல்லை.’ நேற்று ராத்திரி இதே எமுலேட்டரில்தான் இன்னொரு விளையாட்டு ஜோராக ஓடியது. இன்றைக்கு என்ன வந்தது?

ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நேற்று போட்டது அமெரிக்க டிஸ்க், இன்று போட்டது ஐரோப்பிய டிஸ்க். ரீஜன், அதாவது டிஸ்க் விற்ற பகுதி, வேறு என்பதால் அதற்கு வேறு பயாஸ் (கன்சோலைத் தட்டியதும் முதலில் ஓடும் நிரல்) வேண்டும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதைச் சரிசெய்யப் போய் ஆளாளுக்குப் புதிய சிக்கலைத் தேடிக்கொள்கிறார்கள். நானும் தேடிக்கொண்டவன்தான், அந்தக் கதை பின்னால் வருகிறது.

கோப்புப் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். உங்கள் கணினியில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும். ரெட்ரோஆர்க் (பல கன்சோல்களின் எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் மென்பொருள்) கேட்கும் ‘எஸ்சிபிஎச்’ என்று தொடங்கும் பிளேஸ்டேஷன் பயாஸ் பெயர்களில் எல்லாமே சின்ன எழுத்து, நடுவே இடைவெளியும் கோடும் கிடையாது.

பயாஸில் ரீஜன் எங்கே ஒளிந்திருக்கிறது

பிளேஸ்டேஷனைத் தட்டியதும் வரும் அந்தச் சாம்பல் பின்னணி, வைரம் போன்ற சின்னம், வயிற்றைக் கலக்கும் அந்த ‘டொம்’ சத்தம், எல்லாம் டிஸ்கில் இருந்து வருவதில்லை. கன்சோலுக்குள் இருக்கும் 512 கேபி ரோம் சிப்பில் இருந்து வருகிறது. அதன் நகல்தான் நாம் பயாஸ் என்று சொல்லும் கோப்பு.

பிளேஸ்டேஷன் 1994 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் 1995 செப்டம்பரில் போனது. மாடல் எண்ணின் கடைசி இலக்கம் ஊரைச் சொல்லும்: 0 என்றால் ஜப்பான், 1 வட அமெரிக்கா, 2 ஐரோப்பா, 3 ஆசியா. 5500, 5501, 5502 மூன்றும் ஒரே தலைமுறை. மூன்றின் பயாஸும் 3.0 பதிப்பு, ஊர் மட்டும் வேறு. ரெட்ரோஆர்க்கின் பீட்டில் பிஎஸ்எக்ஸ் கோர் (கோர் என்றால் அதற்குள் ஓடும், ஒரு கன்சோலுக்கான எமுலேட்டர்) இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்பது இதனால்தான். டிஸ்கைப் பார்த்து அது எந்த ஊர் என்று தானே கண்டுபிடித்து, அதற்குரிய பயாஸை எடுத்துக்கொள்ளும்.

உண்மையான கன்சோலில் ரீஜன் பூட்டு வேறு விதம். அசல் டிஸ்கின் உள்விளிம்பில் தடத்தையே லேசாக நெளியவிட்டு நான்கு எழுத்தைப் பொதித்திருப்பார்கள். சாதாரண சிடி ரைட்டரால் அந்த நெளிவை எழுத முடியாது. நம் பக்கத்தில் ஓடிய பிளேஸ்டேஷன்களில் பலவற்றுக்குள் ஒரு குட்டி மோட் சிப் பற்றவைத்திருப்பார்களே, அதன் வேலையே அந்த நான்கு எழுத்தைப் போலியாக ஓதிக்கொண்டிருப்பதுதான்.

முதல் வேலை: டிஸ்க் எந்த ஊர்?

டிஸ்கின் மேலும் பெட்டியின் முதுகிலும் ஒரு எண் அச்சடித்திருக்கும். எஸ்எல்யூஎஸ், எஸ்சியூஎஸ் என்று தொடங்கினால் அமெரிக்கா. எஸ்எல்இஎஸ், எஸ்சிஇஎஸ் என்றால் ஐரோப்பா. எஸ்எல்பிஎஸ், எஸ்எல்பிஎம், எஸ்சிபிஎஸ் என்றால் ஜப்பான். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம், மூன்றாவது எழுத்தை மட்டும் பாருங்கள். யூ அமெரிக்கா, இ ஐரோப்பா, பி ஜப்பான்.

மார்க்கர் பேனாவால் பெயர் கிறுக்கிய காப்பி டிஸ்க்தான் கையில் இருக்கிறது என்றால், அதைக் கணினியில் போட்டு ‘சிஸ்டம்.சிஎன்எஃப்’ என்ற கோப்பை நோட்பேடில் திறங்கள். நாலைந்து வரிதான் இருக்கும். ‘பூட்’ என்று தொடங்கும் வரியில் அதே எண் நிற்கும். டக்ஸ்டேஷன் (பிளேஸ்டேஷனுக்கான தனி எமுலேட்டர்) வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையும் இல்லை, அதன் பட்டியலிலேயே ஒவ்வொரு விளையாட்டுக்கும் சீரியல் எண்ணும் ஊரின் கொடியும் தெரியும்.

பயாஸை எங்கிருந்து எடுப்பது

இணையத்தில் தேடினால் ஆயிரம் இடத்தில் கொட்டிக் கிடக்கிறது. நான் எந்த முகவரியும் தரப்போவதில்லை. எமுலேட்டர் எழுதுவது வேறு, பயாஸைப் பகிர்வது வேறு. மேக் கணினியில் பிளேஸ்டேஷன் விளையாட்டை ஓட்டும் மென்பொருள் செய்த கனெக்டிக்ஸ் மீது சோனி வழக்குப் போட்டது. பயாஸ் எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்துத் தாங்களாக ஒன்றை எழுதிக்கொள்வது நியாயமான பயன்பாடுதான் என்று அமெரிக்காவின் 9-வது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் சொல்லிவிட்டது. ஆனால் சோனி எழுதிய பயாஸ் சோனியுடையதுதான். அதை அப்படியே நகலெடுத்து ஊருக்குப் பங்கு வைக்க அந்தத் தீர்ப்பு யாருக்கும் உரிமை தரவில்லை.

நேர்மையான வழி இரண்டு இருக்கிறது.

ஒன்று, உங்கள் சொந்தக் கன்சோலில் இருந்தே எடுப்பது. பழைய சாம்பல் நிற பிளேஸ்டேஷனின் பின்பக்கம் சீரியல் போர்ட் இருக்கும். அதற்கொரு கேபிள், கன்சோலில் யூனிரோம் என்ற நிரல், கணினியில் அதற்குத் துணையாக ஓடும் சிறு நிரல், இவ்வளவு போதும். பிஎஃப்சி00000 என்ற முகவரியில் தொடங்கி 524288 பைட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். மெதுவான கேபிள் என்பதால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். பின்னால் வந்த சின்ன வெள்ளை பிஎஸ் ஒன்னில் அந்த போர்ட்டே கிடையாது, வாங்குவதற்கு முன்னால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. பிளேஸ்டேஷன் 3-க்கான சிஸ்டம் அப்டேட்டை சோனியே தன் தளத்தில் தருகிறது. பழைய விளையாட்டுகளை ஓட்டுவதற்காக அதற்குள் ஒரு பிஎஸ்1 பயாஸ் வைத்திருக்கிறார்கள். ஆர்பிசிஎஸ்3 எமுலேட்டரை நிறுவி, அந்த அப்டேட்டை அதில் ஏற்றினால் ‘டெவ்_ஃபிளாஷ்’ ஃபோல்டருக்குள் ‘பிஎஸ்1எமு’ என்ற ஃபோல்டர் உண்டாகும். அதில் ‘பிஎஸ்1_ரோம்.பின்’ இருக்கும். இதற்கு எந்த ஊர் டிஸ்கும் ஒன்றுதான். டக்ஸ்டேஷன் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். பீட்டிலில் கோர் ஆப்ஷன்ஸுக்குள் போய், ‘ஓவர்ரைடு பயாஸ்’ என்ற இடத்தில் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று கோப்புத் தேடி அலைய முடியாது என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பழைய தொடக்கத் திரையைப் பார்த்தால்தான் மனசு ஆறும் என்பவர்கள் முதல் வழிக்குப் போங்கள்.

பெயரை நம்பாதீர்கள்

இப்போது என் கதை. சேகாவின் சிடி கன்சோலான மெகா சிடிக்கு (அமெரிக்காவில் அதன் பெயர் சேகா சிடி) ஒரு முறை பயாஸ் வைத்துக்கொண்டிருந்தேன். கோர் மூன்று கோப்பு கேட்டது, கையில் ஐரோப்பியக் கோப்பு ஒன்றுதான் இருந்தது. மூளைக்காரன் மாதிரி அதையே மூன்று பிரதி எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றி வைத்துவிட்டேன். மெனுவில் போய்ப் பார்த்தால் மூன்றுமே ‘இருக்கிறது’ என்று காட்டியது. அமெரிக்க டிஸ்கைப் போட்டேன். சேகா சின்னம் வந்தது, இசை வந்தது, அதோடு சரி. விளையாட்டு வரவே இல்லை. டிஸ்க் இமேஜ்தான் (டிஸ்கை நகலெடுத்த கோப்பு) பழுது என்று நினைத்து ஒரு சாயங்காலம் முழுக்க அதையே திரும்பத் திரும்ப நகலெடுத்துக்கொண்டிருந்தேன்.

மெகா சிடியில் ரீஜன் பூட்டே பயாஸில்தான் இருக்கிறது. டிஸ்கின் தொடக்கத்தில் ஊருக்கு ஊர் மாறும் ஒரு பாதுகாப்பு நிரல் துண்டு உண்டு. பயாஸ் தன்னிடம் இருப்பதோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் கதவு திறக்காது. வாசலில் எந்தப் பெயர்ப்பலகை தொங்கினாலும் உள்ளே இருக்கும் காவல்காரர் ஐரோப்பாக்காரர்தானே.

ரெட்ரோஆர்க்கின் மெனு அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அளவு. பிளேஸ்டேஷன் பயாஸ் சரியாக 524288 பைட். மெகா சிடி 131072 பைட். ஒரு பைட் கூடினாலோ குறைந்தாலோ அந்தக் கோப்பைத் தூக்கிப் போடுங்கள்.

அடுத்தது எம்டி5 எண். கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் கோப்பு இருக்கும் ஃபோல்டரில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘செர்ட்யூட்டில்’, ஒரு இடைவெளி விட்டு ஹைபன் ஒட்டிய ‘ஹாஷ்ஃபைல்’, பிறகு கோப்பின் பெயர், கடைசியில் ‘எம்டி5’ என்று அடித்தால் 32 எழுத்துள்ள ஒரு சரம் வரும். லினக்ஸில் ‘எம்டி5சம்’ கட்டளையும் கோப்பின் பெயரும் போதும்.

5500-க்கு அந்தச் சரம் 8டிடி7 என்று தொடங்க வேண்டும். 5501-க்கு 490எஃப்666. 5502-க்கு 32736எஃப்17. மெகா சிடியில் ஜப்பான் 278ஏ, அமெரிக்கா 2இஎஃப்டி, ஐரோப்பா இ66எஃப். முழுச் சரமும் அந்தந்தக் கோரின் ஆவணப் பக்கத்தில் இருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தொடக்கமே ஒத்துவரவில்லை என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 5503, 7003 மாடல்களுக்குள் இருப்பது 5501-இன் பயாஸேதான், ஒரு பைட்கூட மாறாது. ஆகவே உங்கள் கன்சோலின் அடியில் 7003 என்று இருந்தால், அதில் இருந்து எடுத்த கோப்புக்கு 5501 என்று பெயர் வைப்பது ஏமாற்று வேலை இல்லை, சரியான வேலை. நான் செய்ததும் பெயர் மாற்றம்தான், இதுவும் பெயர் மாற்றம்தான். இங்கே கைரேகை ஒத்துப்போகிறது.

எங்கே வைப்பது

ரெட்ரோஆர்க்கில் ‘செட்டிங்ஸ்’, அதற்குள் ‘டைரக்டரி’, முதல் வரிகளில் ‘சிஸ்டம்/பயாஸ்’. அங்கே என்ன பாதை காட்டுகிறதோ அந்த ஃபோல்டரில் வையுங்கள். உள்ளே தனி ஃபோல்டர் போட்டு ‘பிளேஸ்டேஷன்’, ‘சேகா’ என்று அழகாகப் பிரித்து வைக்கும் ஆசை வரும். பீட்டிலும் மெகா சிடியை ஓட்டும் ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸும் அந்த ஃபோல்டரின் மேல்மட்டத்தில்தான் தேடும், ஆகவே ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டில் அந்தப் பாதை சில சமயம் ‘ஆண்ட்ராய்டு/டேட்டா’வுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு சாதாரண ஃபைல் மேனேஜரால் அங்கே நுழைய முடியாது. போனின் நினைவகத்தில் நீங்களே ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, மேலே சொன்ன ‘சிஸ்டம்/பயாஸ்’ வரியில் அதைக் காட்டிவிடுங்கள். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி வைத்திருப்பவர்கள் ரெட்ரோபை என்றால் ‘பயாஸ்’ ஃபோல்டரிலும், படோசெரா என்றால் ‘யூசர்டேட்டா’வுக்குள் இருக்கும் ‘பயாஸ்’ ஃபோல்டரிலும் போடலாம். இவை இரண்டும் லினக்ஸ், பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அங்கே வேறு வேறு. பிளேஸ்டேஷன் கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் ‘கோப்பே இல்லை’ என்று கைவிரிக்கும். மெகா சிடியின் ‘பயாஸ்_சிடி_யூ.பின்’ கோப்பில் இது தலைகீழ்: ‘சிடி’யும் ‘யூ’வும் பெரிய எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

விண்டோஸில் இன்னொரு பொறி இருக்கிறது. அது கோப்பின் பின்னொட்டை மறைத்து வைக்கும். நீங்கள் பெயர் மாற்றும்போது ‘.பின்’ சேர்த்து அடித்தால், உண்மையில் அது ‘.பின்.பின்’ ஆகிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ மெனுவில் பின்னொட்டைக் காட்டச் சொல்லிவிட்டுப் பெயர் மாற்றுங்கள்.

ஜிப்பாக வந்தால் பிரித்து வையுங்கள். நியோ ஜியோ மட்டும் இதற்கு நேர் எதிர், ‘நியோஜியோ.ஜிப்’பை ஜிப்பாகவே விட வேண்டும்.

வைத்த பிறகு கோரை ஏற்றி ‘இன்ஃபர்மேஷன்’, ‘கோர் இன்ஃபர்மேஷன்’ என்று போனால் கீழே ஃபர்ம்வேர் பட்டியல் இருக்கும். டக்ஸ்டேஷனில் ‘செட்டிங்ஸ்’, ‘பயாஸ்’ பக்கம் போனால் ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பாவுக்கு மூன்று தனித்தனிப் பெட்டி. அது கோப்பைப் பெயரால் அல்லாமல் கைரேகையால் அடையாளம் காணும் என்பதால் பெயர்த் தொல்லை அங்கே இல்லை. பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட் கோர் பயாஸே இல்லாவிட்டாலும் தன்னிடம் உள்ள மாற்று ஏற்பாட்டை வைத்து ஓட்டிவிடும். ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள், பாதி விளையாட்டில் சேவ் ஆகாமல் மாட்டிக்கொள்ளும்போது அருமை தெரியும்.

50-ம் 60-ம்

பயாஸ் சரியாக அமைந்த பிறகும் ‘என்னமோ மெதுவாக ஓடுகிறது’ என்று சிலருக்குத் தோன்றும். தோற்றம் இல்லை, உண்மை. ஐரோப்பியப் பதிப்பு பால் என்ற டிவி முறை: நொடிக்கு 50 முறை திரை புதுப்பிக்கும். அமெரிக்க, ஜப்பான் பதிப்புகள் என்டிஎஸ்சி என்ற டிவி முறை: ஏறக்குறைய 60. 60-க்கு எழுதிய விளையாட்டை வேகத்தைச் சரிசெய்யாமல் அப்படியே 50-க்குக் கொண்டுபோன கம்பெனிகள் நிறைய. அந்த விளையாட்டு ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் நகரும். நம் நாட்டு டிவியும் அப்போது பால் முறைதான் என்பதால், சின்ன வயதில் ஐரோப்பிய டிஸ்கில் ஆடியவர்களுக்கு அந்த மந்த வேகமே பழகிப்போயிருக்கும். அமெரிக்கப் பதிப்பை முதல் முறை போடும்போது எல்லாம் அவசரமாக ஓடுவது போல இருக்கும்.

இதற்கு பயாஸை மாற்றுவது மருந்து இல்லை. ஐரோப்பிய டிஸ்கை வலுக்கட்டாயமாக என்டிஎஸ்சி என்று செட்டிங்கில் மாற்றினால், ஒழுங்காக 50-க்கு எழுதிய விளையாட்டு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் பாயும். ரீஜன் செட்டிங்கை ‘ஆட்டோ’விலேயே விடுங்கள். வேகம் பிடிக்கவில்லை என்றால் அமெரிக்கப் பதிப்பைத் தேடுங்கள். ஐரோப்பியப் பதிப்பில்தான் ஆட வேண்டும், ஆனால் 60 ஹெர்ட்ஸ் போன் திரையில் படம் குலுங்குகிறது என்றால், ரெட்ரோஆர்க்கை 50 ஹெர்ட்ஸ் தரக்கூடிய டிவியிலோ விஆர்ஆர் (புதுப்பிக்கும் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும்) மானிட்டரிலோ ஓட்டிப் பாருங்கள்.

ஐரோப்பிய டிஸ்குக்கே உரிய இன்னொரு தலைவலி லிப்கிரிப்ட். காப்பியைத் தடுக்க சோனி சில ஐரோப்பிய டிஸ்குகளில் மட்டும் வைத்த பூட்டு அது. ‘ஃபைனல் ஃபேன்டஸி 9’-இன் ஐரோப்பியப் பதிப்பில் இருக்கிறது. சாதாரணமாக நகலெடுத்தால் அந்தப் பூட்டின் தடயம் இமேஜுக்குள் வராது. விளையாட்டு தொடங்கும், ஆனால் போகப் போக எங்கேயாவது உறைந்து நிற்கும். அந்தத் தடயத்தைத் தனியே சுமக்கும் எஸ்பிஐ என்ற குட்டிக் கோப்பை, டிஸ்க் இமேஜ் இருக்கும் அதே ஃபோல்டரில், இமேஜின் அதே பெயரில் வைக்க வேண்டும். பயாஸ் சரி, அளவு சரி, ஐரோப்பிய டிஸ்க் மட்டும் பாதியில் நிற்கிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பதிப்பு மாறினால் சேவ் என்ன ஆகும்

ஐரோப்பியப் பதிப்பில் இருபது மணி நேரம் ஆடிவிட்டு, வேகம் பிடிக்காமல் அமெரிக்கப் பதிப்புக்கு மாறினால் பழைய சேவ் அங்கே தெரியாது. பிளேஸ்டேஷன் மெமரி கார்டு 128 கேபி, 15 பிளாக். அதில் எழுதும் ஒவ்வொரு சேவுக்கும் பெயரின் முன்னால் ஊர் அடையாளம் உண்டு: அமெரிக்காவுக்கு பிஏ, ஐரோப்பாவுக்கு பிஇ, ஜப்பானுக்கு பிஐ. அதை அடுத்து டிஸ்கின் சீரியல் எண். விளையாட்டு தன் எண்ணைத்தான் தேடும். கார்டில் சேவ் பத்திரமாக இருக்கிறது, இந்தப் பதிப்பின் கண்ணுக்குத்தான் படவில்லை. ஆகவே எந்த ஊர்ப் பதிப்பில் ஆடப்போகிறோம் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுவது நல்லது.

மெகா சிடியில் இது இன்னும் வெளிப்படை. கன்சோலுக்குள் இருந்த 8 கேபி சேவ் நினைவகத்துக்குப் பதிலாக, ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ் ஊருக்கு ஒரு ‘பிஆர்எம்’ கோப்பு வைத்துக்கொள்ளும். யூ, இ, ஜே என்று பெயரிலேயே தெரியும்.

மற்ற கன்சோல்கள்

சேகா சாட்டர்னுக்கு பீட்டில் சாட்டர்ன் கோர் இரண்டே கோப்பு கேட்கும்: ஜப்பானுக்கு ‘சேகா_101.பின்’, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சேர்த்து ‘எம்பிஆர்-17933.பின்’. இரண்டும் 524288 பைட். பிளேஸ்டேஷன் பயாஸின் அதே அளவு என்பதால், அளவை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாமல் எம்டி5-ஐயும் பாருங்கள். 101-க்கு 85இசி, 17933-க்கு 32408 என்று தொடங்கும்.

ட்ரீம்காஸ்டில் ஊர் விவரம் பூட் ரோமில் இல்லாமல், கூடவே இருக்கும் 128 கேபி ஃபிளாஷில் இருக்கிறது. ஃபிளைகாஸ்ட் கோரில் ரீஜனைச் செட்டிங்கிலேயே மாற்றிக்கொள்ளலாம், கோப்பு தேட வேண்டாம்.

நியோ ஜியோவில் விளையாட்டு கார்ட்ரிட்ஜ் ஒன்றேதான். எந்த ஊர் பயாஸில் ஓடுகிறதோ அதைப் பார்த்து மொழியை மாற்றிக்கொள்ளும், சில விளையாட்டுகளில் ரத்தத்தின் நிறம்கூட மாறும். எஃப்பி நியோ கோரின் செட்டிங்கில் ஊரை மாற்றிப் பாருங்கள், அதே சண்டை வேறு மாதிரி தெரியும். ஜிபிஏ (கேம் பாய் அட்வான்ஸ்) பயாஸ் 16 கேபி, எல்லா ஊருக்கும் ஒன்றே.

எல்லாம் செய்தும் ஓடவில்லையா? பயாஸை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, டிஸ்க் இமேஜோடு வரும் க்யூ கோப்பை (இமேஜின் பாகங்களைப் பட்டியலிடும் குட்டிக் கோப்பு) நோட்பேடில் திறந்து பாருங்கள். அதில் எழுதியிருக்கும் ‘.பின்’ கோப்பின் பெயரும் ஃபோல்டரில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அழகுக்காக ‘.பின்’ கோப்பின் பெயரை மாற்றிவிட்டு க்யூவை அப்படியே விட்டவர்கள், பயாஸைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்கள்.